கரிசலில் நிற்கும் சுண்ணாம்புக் கோயில்கள்

எங்கள் பக்கத்துப் பழைய மாதா கோயில்களிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டால், போய் நின்றதும் காதில் விழுகிற பேச்சு பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். "மேஸ்திரி, சுவர் பொரிஞ்சு பொரிஞ்சு கொட்டுது. சுரண்டிட்டு சிமெண்ட் பூசி, இடுப்பு மட்டத்துக்கு டைல்ஸ் ஒட்டிருவோமா? திருவிழாவுக்குள்ள முடிஞ்சாகணும்." வேண்டாம் என்று சொல்லித்தான் என் வேலை தொடங்குகிறது. அந்தச் சொல்லால் வேலையே கைவிட்டுப் போனதும் உண்டு. போகட்டும். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசுகிறவர்கள் அந்தக் கோயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக இடிக்கிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் கடம்பூர். தாத்தா காலத்திலிருந்து சுண்ணாம்பு வேலைதான் குடும்பத் தொழில். கோபுரத்துச் சுதை, பழைய காரை வீடுகள், மெட்ராஸ் தளம், மாதா கோயில் என்று எது வந்தாலும் செய்வோம். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் எங்கள் ஐயா அய்யனார் கோயில் வேலைக்கு எப்படிக் குளித்துவிட்டுக் கரணையைத் தொடுவாரோ, அப்படியே மாதா கோயில் பீடத்து வேலைக்கும் குளித்துவிட்டுத்தான் தொடுவார். பீடத்தின்மேல் ஏறவேண்டி வந்தால் உபதேசியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். நானும் இன்றுவரை அப்படித்தான்.

கரிசலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கோயில்களைப் பற்றிப் பேச முடியாது. ஐப்பசி மழையில் இந்த மண் ஊதும். சித்திரையில் சுருங்கி வெடிக்கும். வெடிப்புக்குள் முழங்கை வரை கை போகும். இதன்மேல் எழுப்பிய கட்டடம் வருஷா வருஷம் மயிரிழை அளவாவது ஏறி இறங்கும். பழைய கொத்தனார்களுக்கு இது தெரிந்திருந்தது. வானம் தோண்டும்போது கரிசலைத் தாண்டி, அடியில் சுக்கான் தட்டுகிற வரைக்கும் போவார்கள். கடக்கால் போட்டு முடித்த பிறகு பக்கவாட்டில் அதே கரிசலை அள்ளிப் போடாமல் மணலும் சரளுமாக நிரப்புவார்கள். தோண்டி எடுத்த சுக்கான் கல்லையும் வீணாக்கவில்லை. சூளையில் அடுக்கிச் சுட்டு, அதையே சுண்ணாம்பாக்கினார்கள். சுக்கானில் களி கலந்திருப்பதால் அந்தச் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். செங்கல் கட்டுக்கு அதுதான் தோது. மேல்பூச்சுக்கும் பீடத்துச் சுதைக்கும் வெள்ளை வேண்டும் என்பதால் தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வண்டியேறி வரும்.

சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கும். பக்கத்தில் நிற்கக் கூடாது, கண் போய்விடும். பொங்கி அடங்கியதைச் சலித்துத் தொட்டியில் தண்ணீருக்கு அடியில் ஊறப்போட வேண்டும். ஒரு மாதம் ஊறியதை வைத்துப் பூசலாம். ஒரு வருஷம் ஊறியதை வைத்துத்தான் சம்மனசு (தேவதூதர்) முகம் செய்யலாம். வெண்ணெய் பதத்தில் கரணையில் ஒட்டாமல் வழுக்க வேண்டும். மணலோடு சேர்த்து அரைக்கும்போது கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விடுவோம். கருப்பட்டி சாந்தின் இழுவையைக் கூட்டும். கடுக்காய் பிடிப்பைக் கூட்டும். பூசிய பிறகு அவசரப்பட முடியாது. காற்றிலிருக்கிற கரியமில வாயுவை உறிஞ்சி உறிஞ்சித்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அது வருஷக்கணக்கில் நடக்கிற காரியம். இதற்கிடையில் மண் அசைந்து சுவரில் நூல் போல விரிசல் விட்டாலும், மழை ஈரத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்து அந்த விரிசலுக்குள்ளேயே படிந்து அடைத்துக்கொள்ளும். கரிசலில் நூறு வருஷம் தாண்டிய சுவர்கள் நிற்பதற்கு இந்தக் குணம்தான் காரணம்.

சிமெண்ட் 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் காப்புரிமை வாங்கிய சரக்கு. எங்கள் ஊர்களில் அது மூட்டை மூட்டையாக இறங்கியது சுதந்திரத்துக்குப் பிறகு. நல்ல சரக்குதான், அதைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. பழைய சுவரில் அது செய்கிற வேலைதான் பிரச்சினை. அந்தக் காலத்துச் சுவர்களில் தரை ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. தண்ணீர் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் காய்ந்து போய்விடும். சிமெண்ட் பூசி டைல்ஸும் ஒட்டிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறும். இடுப்பளவில் இருந்தது தலைக்கு மேல் போகும். மண்ணிலிருந்து அது இழுத்து வருகிற உப்பு, பூச்சுக்குப் பின்னால் செங்கல்லுக்குள்ளேயே பூத்து உறைந்து செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று டைல்ஸ். தட்டிப் பார்த்தால் பொள்ளலாகச் சத்தம் வரும். ஒரு கோயிலில் டைல்ஸை எடுத்தபோது செங்கல் மாவாகக் கொட்டியதை நானே முறத்தில் அள்ளியிருக்கிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் கத்தோலிக்கக் கோயில் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காமநாயக்கன்பட்டி. பரலோக மாதா கோயில். 1606-ல் ராபர்ட் தெ நொபிலி மதுரையில் தொடங்கிய மறைப்பணி தெற்கே பரவியபோது, இந்தக் கரிசல் காட்டில் 17-ம் நூற்றாண்டிலேயே வேர்விட்ட ஊர்களில் இது ஒன்று. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தம் தொடக்க காலத்தில் பணியாற்றிய இடங்களுள் காமநாயக்கன்பட்டியும் உண்டு. எட்டயபுரம் பாளையத்தின் ஆதரவு இந்தக் கோயிலுக்கு இருந்தது. அதைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. ஆகஸ்டு 15 அன்று தேர். விரதம் இருந்து வருகிறவர்கள் தேருக்குப் பின்னால் கும்பிடு சேவை செய்துகொண்டு போவார்கள். விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, உடம்பெல்லாம் மண்ணாக வருவார்கள். அந்தக் கூட்டத்தில் மதம் பார்த்து ஆள் பிரிக்க யாராலும் முடியாது. எங்கள் வீட்டுப் பெண்களும் நேர்ந்துகொண்டு போவதுண்டு.

அந்தப் பழைய காலத்தில் கோயில்கள் பெரும்பாலும் மண்சுவரும் ஓலைக்கூரையுமாகத்தான் இருந்தன. 1773-ல் போப்பாண்டவர், இந்தச் சாமியார்கள் சேர்ந்திருந்த இயேசு சபையையே கலைத்துவிட்டார். சபைக்கு மறுபடி உயிர் வந்து, பிரெஞ்சுச் சாமியார்கள் மதுரைப் பக்கம் வந்து சேர்ந்தது 1830-களின் கடைசியில். இன்று நாம் பார்க்கிற காரைக் கோயில்கள் பல அதற்குப் பின் எழுந்தவை. சாமியார் காகிதத்தில் ஒரு வரைபடத்தைக் கொடுத்திருப்பார். தம் ஊர்ப் பேராலயத்தின் படத்தையும் காட்டியிருக்கலாம். கட்டியது நம் ஊர்க் கொத்தனார். முந்தின மாதம் கோபுரத்தில் துவாரபாலகர் செய்த அதே கை.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு நான் பார்த்த ஒரு பீடம் சாட்சி. கரிசல் கிராமம் ஒன்றில் சின்னக் கோயில். ஊர்ப் பெயர் வேண்டாம். பீடத்துக்கு இரண்டு பக்கமும் முறுக்குத் தூண். ரோமாபுரியில் புனித பேதுரு பேராலயத்துக்குள் பெர்னினி 1630-களில் செய்து முடித்த வெண்கல விதானத்தில் இருக்கிறதே, அந்த மாதிரித் தூண். அங்கிருந்து உலகமெல்லாம் பரவி எங்கள் பருத்திக் காட்டுக்கும் வந்திருக்கிறது. அதன்மேல் தடவியிருந்ததோ எனாமல் பெயிண்ட், பச்சையும் ரோஸும். பெயிண்டுக்குக் கீழே டிஸ்டெம்பர், அதற்கும் கீழே வருஷா வருஷம் அடித்த வெள்ளை, அடுக்கடுக்காக. தூண் ஒரு உருண்டைக் கம்பமாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

இதை உளி வைத்துத் தட்டி எடுக்கக் கூடாது. எனாமலை மட்டும் மருந்து தடவி இளக்கி எடுத்துவிட்டு, மற்றதை ஈரத்துணியால் ஊறவைத்து, மூங்கில் சிம்பால் உரிக்க வேண்டும். இரும்பு பட்டால் அடியில் உள்ள சுதையில் கோடு விழும். விரற்கடை விரற்கடையாக உரித்து வரும்போது முதலில் ஒரு காவிக் கோடு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் ஒரு கொடி. திராட்சைக் கொடி. பூசையில் அப்பமும் ரசமும் உண்டல்லவா, அதற்கு அடையாளமாகக் கத்தோலிக்கப் பீடங்களில் திராட்சைக் குலையும் கோதுமைக் கதிரும் வைப்பார்கள். இங்கே திராட்சைக் குலை சுமாராக வந்திருந்தது. இலை மட்டும் கோவைக்கொடி இலை. அதை ஒட்டிக் கோதுமைக் கதிர் இருக்க வேண்டிய இடத்தைத் துடைத்துப் பார்த்தேன். கம்பங்கதிர்! மணிகள் நெருக்கமாக, சுற்றிச் சுற்றி, நுனியில் மழுங்கி, சாட்சாத் நம் ஊர்க் கம்பு. கோதுமைக் கதிருக்கு நீளமாக மீசை இருக்கும். இதில் ஒரு மீசை இல்லை. அந்தக் கொத்தனார் கோதுமைப் பயிரைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். 'அப்பம் சுடுகிற தானியம்' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவருக்குத் தெரிந்த தானியத்தை அவர் ஆண்டவர் பீடத்தில் வைத்துவிட்டார்.

சாரத்தை விட்டு இறங்காமல் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னர் கீழே இருந்தவர்கள் ஏறி வந்து பார்த்தார்கள். ஒருவர் சொன்னார்: "மேஸ்திரி, இது கோதுமை மாதிரி இல்லையே. நெட்ல படம் எடுத்துத் தாரேன், அதப் பாத்துத் திருத்திருங்க."

"அண்ணாச்சி, இதத் திருத்துறதுக்கு என் கை வராது" என்றேன்.

பங்குச் சாமியார் ஏணியில் பாதி ஏறி நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "கம்பாவே இருக்கட்டும் மேஸ்திரி. இந்த ஊர்க்காரங்க அன்னைக்குச் சாப்பிட்டது அதைத்தானே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தச் சாமியாருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கதிரின் நுனி ஒரு பக்கம் உடைந்திருந்தது. தொட்டியில் நாள்பட ஊறிய சுண்ணாம்பை எடுத்து, துணியில் சலித்த வெள்ளை மணல் கொஞ்சம் சேர்த்து, கருப்பட்டித் தண்ணீர் விட்டுக் கல்லில் அரைத்தேன். உடைந்த இடத்தை நன்றாக நனைத்துக்கொண்டேன். காய்ந்த சுதை புதுச் சுதையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் ஒட்டாது. பிறகு நெல்லளவு உருண்டையாக எடுத்து ஒவ்வொரு மணியாக வைத்தேன். கரணை அதற்குப் பெரிது. பல்குச்சியைச் சீவி வைத்துக்கொண்டுதான் செய்தேன். வைத்ததன்மேல் வெயிலும் காற்றும் படாமல் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு நாளெல்லாம் நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். புதுச் சுண்ணாம்பு சீக்கிரம் காய்ந்தால் பொடியாகிவிடும். அந்தக் கம்பங்கதிரில் எந்த மணி பழையது, எந்த மணி என்னுடையது என்று அருகில் போய்ப் பார்த்தால் தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் வண்ணத்தை ஒரு சாயல் குறைத்தேன்.

வெளியிலிருந்து வந்த ஒன்றை இந்த மண்ணின் பொருளாக்குவது வேறு இடங்களில் பெரிய ஆட்கள் செய்த காரியம். 1726-ல் தேம்பாவணி முடித்த வீரமாமுனிவர், கோணான்குப்பத்தில் மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர் வைத்துச் சேலை உடுத்திய தமிழ்ப் பெண்ணாகவே நிறுத்தினார். அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கம்பங்கதிர் செய்தவரின் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு இரண்டும் ஒரே தட்டில்தான்.

இப்படிப்பட்ட பீடங்கள் உடைந்துபோனதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை முறை மாறியது. அதுவரை சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் பூசை வைப்பார். அதன்பின் மக்களைப் பார்த்து, தமிழில். மக்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்பதை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் சுவரோடு ஒட்டிய பழைய பீடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. முன்னால் புதுமேடை போட்டார்கள். பழையது இடத்தை அடைக்கிறது என்று பல ஊர்களில் உடைத்தார்கள். நன்மை (நற்கருணை) வாங்க முழங்காலில் நிற்கும் கிராதியையும் பிடுங்கினார்கள். சங்கம் அப்படிச் சொல்லவில்லை. 1963-ல் அது வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டிலேயே, கோயிலின் மதிப்புள்ள பொருள்களையும் கலை வேலைகளையும் விற்கவோ அழியவோ விடாமல் ஆயர்கள் கவனமாகக் காக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. எனக்கு இதை எடுத்துக் காட்டியவரும் ஒரு சாமியார்தான்.

பழசு என்பதற்காகவே எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த திருக்குடும்பக் கோயிலைப் பாருங்கள். பீடத்தில் சந்திக்கும் இரண்டு நீண்ட கூடங்கள், நடுவே சுவர். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் இன்னொரு சாதி. பூசை ஒன்று, சனம் இரண்டு. அந்தச் சுவரை 1910-ல் இடித்தார்கள். சுவரைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அதுவும் சுண்ணாம்புச் சுவர்தான்; இடித்தது சரிதான். கோயிலின் அமைப்பு மட்டும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு இன்றும் நிற்கிறது. அந்த அமைப்பு நிற்கவும் வேண்டும், பிள்ளைகள் பார்த்துத் தெரிந்துகொள்ள.

காப்பாற்றினால் நிற்கும் என்று காட்டுகிற கோயில்களும் உண்டு. தூத்துக்குடி பனிமய மாதா பேராலயம் 1713-ல் கட்டியது. கடலுக்குப் பக்கத்தில், உப்புக்காற்றில் மூன்று நூற்றாண்டு தாண்டிவிட்டது. சிவகங்கைப் பக்கம் இடைக்காட்டூரில் ஃபெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுச் சாமியார் 1894-ல், ரீம்ஸ் நகரப் பேராலயத்தை மனதில் வைத்துத் திரு இருதயக் கோயிலை எழுப்பினார். செங்கல்லையே விதவிதமாக அச்சில் வார்த்துச் சுட்டு, சுண்ணாம்பில் கட்டியது. பிரான்சில் செதுக்குக் கல்லில் செய்ததை இங்கே களிமண்ணில் செய்திருக்கிறார்கள். அதைப் போய்ப் பார்க்காத கொத்தனார் யாராவது இருந்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டாவது பார்த்துவிட்டு வரவேண்டும். அதே பிரான்சில் பாரிஸ் நோத்ருதாம் பேராலயம் 2019 ஏப்ரலில் எரிந்தபோது, கூரையைக் கான்கிரீட்டிலோ இரும்பிலோ போட்டுவிடலாம் என்றும் பேச்சு எழுந்தது. கடைசியில் ஓக் மரங்களைத் தேர்ந்தெடுத்து, பழைய முறைப்படி கோடரியால் செதுக்கியே கூரைச்சட்டம் போட்டு, 2024 டிசம்பரில் திறந்தார்கள். பணம் இருந்ததால் செய்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். கோடரியால் செதுக்கத் தெரிந்த தச்சர்களை அவர்கள் வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலின் கவலை அங்கேதான் இருக்கிறது. சூளைகள் அணைந்துவிட்டன. சாந்து அரைக்கும் செக்குக்கல் காட்டோரம் கிடக்கிறது. பையன்கள் சிமெண்ட் வேலைக்குப் போகிறார்கள். அங்கே பூசினால் மறுநாள் அடுத்த சுவர். இங்கே பூசினால் வாரக்கணக்கில் நனைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சிமெண்ட் மூட்டையைத்தான் கடையில் வாங்கலாம். ஒரு வருஷம் ஊறிய சுண்ணாம்பை எந்தக் கடையும் விற்பதில்லை. அதனால்தான் வேலைக்குக் கூப்பிடுகிற ஒவ்வொரு கோயிலிலும் நான் ஒன்று கேட்கிறேன். மிஷன் பங்களாவுக்குப் பின்னால் ஒரு சின்னத் தொட்டி கட்டி, சுண்ணாம்பை ஊறப்போட்டு மூடி வையுங்கள். வருஷம் ஒரு முறை பொரிந்த இடத்தை அதிலிருந்து அள்ளிப் பூசிக்கொள்ளலாம். சில ஊர்களில் கேட்டிருக்கிறார்கள்.

பங்குப் பேரவைகளில் உட்காருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்று தீர்மானம் எழுதுமுன், சுவரைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறதா, கூரை ஓரத்தில் ஒழுகுகிறதா, பிறகு யாராவது சிமெண்ட் பூசியிருக்கிறார்களா என்று இந்த மூன்றையும் பாருங்கள். அநேகமாக வியாதி அங்கேதான் இருக்கும். தண்ணீரை வெட்டி விடுங்கள். சிமெண்டை உரித்துப்போட்டுச் சுவரை ஒரு கோடை காய விடுங்கள். அடுத்த மழையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பீடத்தின்மேல் எனாமல் அடிக்க ஆள் வந்தால், அன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒரு விரற்கடை உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடம்பூர்ப் பக்கம் நாங்கள் சிலர் இன்னும் இருக்கிறோம். சொல்லி அனுப்பினால் வருவோம்.